அவர் வரைந்தபடி ஏற்காட்டுக்கு

பெங்களூர் வீட்டைக் காலி செய்துவிட்டு ஏற்காட்டுக்குக் குடிபோக நாள் குறித்திருந்தோம். அந்த நாளுக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கும்போது என் கணவர் இறந்துபோனார்.

இதை யாரிடம் சொன்னாலும், "அப்புறம் ஏன் போனீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

அவர் பெங்களூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் டிராயிங் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தார். இயந்திரங்களின் பாகங்களை அளவு பிசகாமல் தாளில் வரைகிற வேலை. நான் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் டைப்பிஸ்ட். ஒரே மகள், அதே ஊரில் கட்டிக்கொடுத்தாயிற்று. அவருக்கு வீசிங் இருந்தது. மரங்கள் பூக்கிற மாதங்களில் படுக்கவே முடியாது, தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது இரண்டு நாள் ஏற்காட்டில் தங்கினோம். அந்த இரண்டு நாளும் அவர் மல்லாந்து படுத்துத் தூங்கினார். மலைக்குளிர் ஆகாது என்று டாக்டர் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. "நான் படுத்துத் தூங்கினேன், நீயே பார்த்தாய்" என்பார். ஆலையில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்ததும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற சந்திப்பிலிருந்து கிளியூர் போகிற வழியில், ஓய்வு பெற்ற எஸ்டேட் ரைட்டர் ஒருவர் தன் வீட்டை ஒட்டி ஒரு பாகம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிறவரை அங்கே ரைட்டர் என்பார்கள். வேலையை விட்ட பிறகும் ஊரில் எல்லோருக்கும் அவர் ரைட்டர்தான், அவர் மனைவி ரைட்டரம்மா. என் கணவர் தனியாகப் போய் அந்த வீட்டைப் பார்த்து, மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்துகொண்டு வந்தார். கிராஃப் தாளில் அந்த வீட்டை வரைந்தார். எங்கள் கட்டில், பீரோ, மேஜை, தையல் மெஷின், எல்லாவற்றையும் அதே அளவுகோலில் பழுப்பு அட்டையில் வெட்டினார். சாப்பாட்டு மேஜையில் அந்தத் தாளை விரித்துவைத்து அட்டைத் துண்டுகளை நகர்த்திக்கொண்டே இருப்பார். நான் காய் நறுக்க இடம் இல்லாமல் தரையில் உட்கார்ந்து நறுக்குவேன்.

எனக்குப் போவதில் பெரிய விருப்பம் இல்லை. பெங்களூரை விட்டால் நான் யாரோடு பேசுவேன் என்று நினைத்தேன். ஆனால் எதிர்க்கவும் இல்லை. அவர் உட்கார்ந்து தூங்குவதை இருபது வருஷம் பார்த்தவள் நான். பள்ளிக்கூடத்தில் ராஜினாமா கொடுத்தேன்.

ஒரு புதன்கிழமை காலை லாரி பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். பேசிவிட்டுத் திரும்பி வரும் வழியில் பஸ் ஸ்டாப்பில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் கொய்யா விற்ற அம்மாள் அவர் அசந்து தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறாள். மூன்று பஸ் வந்துபோன பிறகுதான் தோளைத் தொட்டிருக்கிறாள். மாரடைப்பு என்றார்கள். மூச்சுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லையாம்.

ஆஸ்பத்திரியில் அவருடைய கைக்கடிகாரத்தையும் சட்டைப்பையில் இருந்த ஒரு காகிதத்தையும் கொடுத்தார்கள். வீடு மாற்றுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகளை அதில் வரிசையாக எழுதியிருந்தார். முதலாவதாக லாரி. அதற்கு நேரே டிக் போட்டிருந்தது. இரண்டாவது காஸ். மூன்றாவது மின்சார மீட்டர். அப்படியே பதினொன்று வரைக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசினார்கள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"வருஷத் திதி முடியறவரைக்கும் வீடு மாத்தக் கூடாது" என்றார் அவருடைய அண்ணன்.

"எந்த வீட்ல இருப்பா?" என்று அண்ணன் மனைவி கேட்டாள். அது நியாயமான கேள்வி. பெங்களூர் வீட்டுக்காரர் முதல் தேதியிலிருந்து இன்னொருவருக்குப் பேசி முடித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் என் நாற்காலியில் வேறு ஒரு பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னோட வந்துடும்மா" என்றாள் மகள். அவள் வீட்டில் இரண்டு அறை. மாமனார், மாமியார், கல்யாணமாகாத நாத்தனார், எல்லோரும் நல்லவர்கள். நான் போனால் யாராவது ஒருவர் கூடத்தில் படுக்க வேண்டும்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "லாரி சொல்லியாச்சு."

துணிச்சல் என்று சிலர் பின்னால் பாராட்டினார்கள். பிடிவாதம் என்றார் அவருடைய அண்ணன். இரண்டும் இல்லை. போக வேண்டாம் என்றால் லாரிக்காரனிடம் சொல்ல வேண்டும், ரைட்டரிடம் சொல்ல வேண்டும், வேறு வீடு தேட வேண்டும், எந்தப் பேட்டை, எத்தனை அறை என்று முடிவெடுக்க வேண்டும். போவதென்றால் எதையும் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. எல்லாம் அந்தக் காகிதத்தில் இருந்தது. நான் இரண்டாம் நம்பருக்கு டிக் போட்டால் போதும்.

காஸ் ஏஜென்சியில் இருந்தவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கனெக்‌ஷன் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவர் வர முடியாது என்றேன். ஊரில் இல்லையென்றால் வந்த பிறகு கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். பையிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உட்காருங்கள் என்று நான்தான் சொன்னேன்.

பெட்டிகளுக்கும் அவர் நம்பர் போட்டு வைத்திருந்தார். எந்த நம்பரில் என்ன, அது எந்த அறைக்குப் போக வேண்டும் என்று ஒரு நோட்டில் இருந்தது. ஒன்றிலிருந்து ஆறு வரை சமையலறை. ஏழு, எட்டு புத்தகம். நான் அப்படியே அடுக்கினேன். ஒருநாள் மகள் உதவிக்கு வந்தபோது நான் அவருடைய சட்டைகளை மடித்து ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அப்பா சட்டை எதுக்கும்மா?"

"பதினாலாம் நம்பர்" என்றேன்.

அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நான் போய் அவளைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். பெட்டிக்கு மேல் பேப்பர் வைத்து, கயிறு கட்டி, பதினான்கு என்று எழுதினேன்.

ரைட்டர் வீட்டில் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் ஒண்டிக்கடையில் ஒரு மளிகைக் கடையில் வந்து உட்கார்ந்திருப்பார். என் கணவர் எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அந்தக் கடைக்குப் போன் செய்வார். இது இரண்டு மாதமாக நடந்துகொண்டிருந்த ஏற்பாடு. அவர் போன பிறகு வந்த முதல் ஞாயிறு வீடு நிறைய ஆட்கள், யாருக்கும் போன் ஞாபகம் வரவில்லை. இரண்டாவது ஞாயிறு நான் போனேன். விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

"ஏனுங்க, அம்மாங்களா? சார் இல்லீங்களா?" என்றார் ரைட்டர். நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை, குரல்தான்.

"வெளியே போயிருக்கார்" என்றேன்.

வாயில் அப்படி வந்துவிட்டது. அவர் பாட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தது, குழாய் மாற்றியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "போன வாரம் கூப்படலீங்களே, சாருக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லைங்களோன்னு பயந்துட்டேனுங்க" என்றார். இல்லை, வேலை அதிகம் என்றேன்.

பெரிய காரணம் ஏதாவது இருந்தது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை சின்னது. சொன்னால் அவர் அதிர்ச்சியாவார், எப்போது, எப்படி என்று கேட்பார், ஆறுதல் சொல்வார், நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த வேலையைச் செய்ய என்னிடம் தெம்பு இல்லை. பதினோரு நாளில் நூறு பேருக்குமேல் சொல்லியிருந்தேன்.

அடுத்த ஞாயிறும் போனேன். "சார் கேட்ட மாதிரியே ஜன்னல் வெச்சாச்சுன்னு சொல்லீருங்க" என்றார். என்ன ஜன்னல் என்று எனக்குத் தெரியாது. சொல்கிறேன் என்றேன். கிளம்புவதற்கு முந்தைய நாளும் ஞாயிறுதான். அன்று அவர் கொஞ்சம் பதற்றமாகப் பேசினார். மழையில் சேலம் மலைப்பாதையில் ஒரு வளைவில் சுவர் சரிந்து லாரிகளை விடுவதில்லையாம். "குப்பனூர் வழியா வந்துருங்க. டிரைவருக்கு அந்த ரோடு பழக்கமிருக்காது, நான் கீழ வந்து நிக்கறேன். சாரை மட்டும் குளிர் காத்துல முன்னால உக்கார வேண்டாமுன்னு சொல்லுங்க."

சரி என்றேன்.

திங்கட்கிழமை விடியற்காலையில் லாரி கிளம்பியது. மகள் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தாள். டிரைவருக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும். ஓசூர் தாண்டும்போது மகள், "தமிழ்நாடு வந்தாச்சும்மா" என்றாள். நான் போர்டுகளைப் படித்துக்கொண்டு வந்தேன். தொப்பூர் இறக்கத்தில் பின்னால் ஏதோ சரிந்த சத்தம் கேட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, நாற்காலிதான் என்றார். எது சரிந்திருந்தாலும் நான் அப்படியேதான் உட்கார்ந்திருப்பேன்.

குப்பனூரில் ஒரு டீக்கடை முன்னால் குடையோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, பழைய பழுப்பு ஸ்வெட்டர், கக்கத்தில் ஒரு பிளாஸ்க். லாரியைப் பார்த்ததும் கையை உயர்த்திக்கொண்டு வந்தார். நாங்கள் இறங்கினோம். அவர் கும்பிட்டுவிட்டு கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு லாரியைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"சார் பஸ்ல வர்றாருங்களா?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவரிடம் சொல்லவில்லை என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"அவர் தவறிட்டாருங்க" என்றேன்.

ரைட்டர் சரியாகக் கேட்காதவர்போல் தலையைச் சாய்த்தார். "எப்பங்க?"

"இன்னியோட இருபத்தாறு நாள்."

"நேத்து பேசுனமேங்க. போன ஞாயித்துக்கெழமையும்..."

"ஆமாங்க."

டீக்கடைக்காரர் பாய்லரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ரைட்டர் கையில் இருந்த பிளாஸ்க்கைப் பார்த்தார். "சாருக்குப் பச்சத்தண்ணி ஆகாதுன்னு சொல்லியிருந்தாருங்க. வெந்நி கொண்டாந்தேன்" என்றார். பிறகு அதன் மூடியைத் திருகி, அதில் வெந்நீரை ஊற்றி என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் குடித்தேன். இன்னொரு மூடி ஊற்றி மகளிடம், "குடி சாமி" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

குப்பனூர் பாதை அகலம் குறைவு. ரைட்டர் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். குறுகலான வளைவுகள் வரும்போதெல்லாம் இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்துபோய், எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துக் கையை ஆட்டுவார். டிரைவர் மெதுவாக ஏற்றுவார். அவர் மறுபடி வந்து ஏறிக்கொள்வார். மழையில் ஸ்வெட்டர் நனைந்து கனத்துத் தொங்கியது. வயது அறுபத்தைந்துக்குக் குறையாது. நீங்கள் இறங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்போது தோன்றவே இல்லை. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வீட்டு வாசலில் ரைட்டரம்மா நின்றுகொண்டிருந்தார். கிளியூரிலிருந்து சாமான் இறக்க வந்த நான்கு பேரும் தாழ்வாரத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ரைட்டர் முன்னால் போய் மனைவியிடம் காதோடு ஏதோ சொன்னார். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனவர் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

ரைட்டர்தான் கதவைத் திறந்து காட்டினார். படுக்கையறையில் கிழக்குச் சுவரை இடித்து அகலமாகப் புது ஜன்னல் வைத்திருந்தது. வார்னிஷ் வாசனை போகவில்லை. "சார் படம் போட்டு தபால்ல அனுப்பிச்சாருங்க. அளவெல்லாம் எழுதி. ஆசாரி பாத்துட்டு, இந்த மாதிரி படம் இருந்தா கண்ண மூடிட்டே செய்வேன்னான்." தன் வீட்டுக்குள் போய் அந்தக் கடிதத்தை எடுத்துவந்து கொடுத்தார்.

இரண்டு தாள். ஒன்றில் ஜன்னல். இன்னொன்றில் எங்கள் சமையலறைச் சுவர். அதில் மூன்று தட்டுகள் வரைந்து உயரம் குறித்திருந்தார். கீழே அவருடைய அச்சு மாதிரியான கையெழுத்தில் ஒரு குறிப்பு: "என் மனைவி உயரம் குறைவு. ஐந்தடிக்கு மேல் தட்டு வைத்தால் ஸ்டூல் போட்டு ஏறுவாள். தயவுசெய்து உயரத்தைக் கூட்ட வேண்டாம்."

மகள் என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு வெளியே போய்விட்டாள். நான் சமையலறைக்குப் போய்க் கையை நீட்டிப் பார்த்தேன். மேல்தட்டு விரலுக்கு எட்டியது. இந்த இடத்தில் எனக்கு ஏதாவது ஆகியிருக்க வேண்டும் என்று எனக்கே தெரிந்தது. காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. புளி டப்பா எந்தத் தட்டில் வைக்கலாம் என்று யோசனை ஓடியது.

சாமான் இறக்க ஆரம்பித்தார்கள். "ஏனுங்க, இந்தப் பீரோ எங்கெங்க வெக்கறது?" என்று ஒருவர் கேட்டார். நான் கைப்பையிலிருந்து கிராஃப் தாளை எடுத்து விரித்தேன். பீரோ தெற்குச் சுவர். மேஜை ஜன்னலுக்கு இடப்பக்கம். கட்டில்கள் இரண்டும் கிழக்கே தலைவைத்து, நடுவே ஒன்றரை அடி. அவர் கட்டில் ஜன்னலோரம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு அங்குலம்கூடத் தப்பவில்லை. தூக்கி வைத்தவர்கள், "யாருங்க இது போட்டது? நொம்ப கரெக்டா இருக்குதுங்க" என்றார்கள்.

மூன்றாம் நாள் மகள் ஊருக்குக் கிளம்பினாள். பஸ் ஏறும்போது, "அந்த ரெண்டாவது கட்டிலையாவது யாருக்காவது குடுத்துடும்மா" என்றாள். பார்க்கலாம் என்றேன்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் ரைட்டரம்மா ஒரு தூக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொடுத்துவிடுவார். ரசம் சாதம், கீரை, சில நாள் கேழ்வரகுக் களி. நான் வாங்கிக்கொள்வேன். சாப்பிடுவேன், கழுவித் திருப்பிக் கொடுப்பேன். வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று இரண்டு வார்த்தை பேசுவோம். மழையா, வெயிலா, பால்காரர் வந்தாரா. மீதி நேரம் உட்கார்ந்திருப்பேன். காலையில் பனி ஜன்னல்வரை வந்து நிற்கும். பத்து மணிக்குமேல் விலகினால் எதிரே சில்வர் ஓக் மரங்களும் அவற்றுக்குக் கீழே காப்பிச் செடிகளும் தெரியும். தெரிவதைப் பார்ப்பேன். மறைந்தால் மறைந்ததைப் பார்ப்பேன். இப்படி நான்கு மாதம் போனது. மகள் வாரம் ஒரு கடிதம் எழுதினாள். நான் சௌக்கியம் என்று ஒரு கார்டு போடுவேன்.

ஐந்தாம் மாதம் ஒரு பகல், ரைட்டரம்மா வழக்கம்போலத் தூக்கை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

"ஏனுங்க, ஒடம்பு செரியில்லீங்களா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தினமும் எதுக்கு இப்படிக் கொண்டு வர்றீங்க? நான் கேட்டேனா? எனக்குச் சமைக்கத் தெரியாதா? கை கால் இல்லையா? என்னைப் பிச்சைக்காரியாக்கி வெச்சிருக்கீங்க."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவ்வளவு சத்தமாக நான் அதற்குமுன் பேசியதில்லை. ரைட்டரம்மாவின் முகம் சிவந்தது. தூக்கை வேலிக் கம்பத்தின்மேல் ணங்கென்று வைத்தார்.

"ஏங்கண்ணு, நாலு மாசமா வாங்கித் தின்னுட்டு இப்பச் சொல்றீங்களா? மொத நாளே வேண்டாமுன்னா நான் ஏன் கொண்டாறேன்? எனக்கு மட்டும் வேல இல்லையா? எதத்தான் நீங்க வாயத் தொறந்து சொன்னீங்க? செத்தவர வெளிய போயிருக்கறாருன்னு சொன்னீங்க, வேல அதிகமுன்னு சொன்னீங்க. எங்க ஊட்டுக்காரரு அவருக்குன்னு ஆசாரிகிட்ட நின்னு ஜன்னல் வெச்சாரு. நல்லபடியா மல ஏறி வரோணுமுன்னு மூணு வாரம் பூசையில பேரு சொல்லி ஜெபம் பண்ணாரு. உசுரோட இல்லாதவருக்கு! கீழ போயி ஒங்களக் கூட்டியாந்த அன்னைக்கு ஊட்டுக்குள்ள வந்து சின்னப்புள்ளையாட்ட அழுதாருங்க. உங்களுக்கு அது தெரியுமா?"

எனக்குத் தெரியாது. நான் அதை யோசித்ததும் இல்லை. என் கணவருக்காக அழுதவர்களின் கணக்கில் இந்த மனிதரை நான் சேர்க்கவே இல்லை.

"சொல்லத் தெரியலைங்க" என்றேன். "சொல்லணும்னுதான் போன் பண்ணேன். வாய்ல வேற வந்துடுச்சு."

ரைட்டரம்மா மூச்சு வாங்க நின்றார். பிறகு தூக்கைத் திறந்து பார்த்தார். வைத்த வேகத்தில் குழம்பு பாதி சிந்தியிருந்தது. "பாருங்க, இதும் போச்சு" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை, ஆனால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கோபப்பட்டிருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. ஐந்து மாதத்தில் எனக்குள் அசைந்த முதல் விஷயம் அதுதான்.

மறுநாள் காலை ரைட்டர் வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"பெரியவரே, நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் நார்க்கயிற்றைப் பல்லில் கடித்து அறுத்தார். "உடுங்கம்மா. ஊட்டம்மா நேத்து நொம்பப் பேசிட்டாளாமா. அவளுக்கு வாயி நீளம்" என்றார். பிறகு, "ஒண்ணு கேக்கலாமுங்களா? சாரு நல்லாப் பேசுவாருங்க போன்ல. நேர்ல எப்படி? சிரிச்சுப் பேசுவாருங்களா?" என்றார்.

அவர் ஒரே ஒரு முறை, வீடு அளக்க வந்த அன்றைக்குத்தான், என் கணவரைப் பார்த்திருந்தார். அன்று அளவிலேயே குறியாக இருந்துவிட்டாராம். நான் மிளகுக்கொடி பக்கத்தில் நின்றபடியே சொன்னேன். சிரிக்கமாட்டார் என்றேன். சிரிப்பு வந்தால் மூக்கைத் தேய்த்துக்கொள்வார் என்றேன். சாப்பாட்டு மேஜை முழுக்க அட்டைத் துண்டுகளைப் பரப்பி வைத்து என்னைத் தரையில் உட்கார வைத்ததைச் சொன்னேன். இருபது நிமிஷம் பேசியிருப்பேன். அவர் இறந்ததைப் பற்றி இல்லாமல் அவரைப் பற்றி நான் பேசியது அந்த ஐந்து மாதத்தில் அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு நானே சமைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர்கள் வீட்டில் சாப்பாடு, அதை நான் மறுக்கவில்லை. ரைட்டர் சொல்லித்தான் மிஷன் பள்ளிக்கூட ஆபீஸில் டைப் அடிக்கிற வேலை கிடைத்தது. இரண்டாவது கட்டிலை அந்தப் பள்ளிக்கூட விடுதிச் சமையற்கார அம்மாளுக்குக் கொடுத்தேன், அவள் மகளுக்குப் பிரசவம். பதினான்காம் நம்பர் பெட்டியை மட்டும் ரொம்ப நாள் பிரிக்கவில்லை. வருஷத் திதிக்குப் பெங்களூர் போனபோது அவருடைய அண்ணன், "சரி, போதும், திரும்பி வந்துடு" என்றார். பள்ளிக்கூடம் இருக்கிறது, லீவு மூன்று நாள்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எப்போதுதான் அம்மா அழுதாய் என்று மகள் இப்போதும் சில சமயம் கேட்பாள். இரண்டாவது வருஷம், மே மாதம். பள்ளிக்கூட ஆபீஸில் சான்றிதழ்கள் அடித்துக்கொண்டிருந்தேன். டைப்ரைட்டர் ரிப்பன் சிக்கிக்கொண்டது. எடுத்து நேராக்கும்போது விரலெல்லாம் மை. அவ்வளவுதான். மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அரைமணி நேரம் அழுதேன். தலைமை சிஸ்டர் வந்து முதுகில் கைவைத்து, வீட்டுக்குப் போங்கள், நாளைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். மை முழுக்கப் போகவில்லை. திரும்பி வந்து புது ரிப்பன் மாட்டி, மீதி இருந்த சான்றிதழ்களையும் அடித்து முடித்துவிட்டு ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனேன்.